அழுத்தம் ஏற ஏற வேலை ஏன் இறங்குகிறது? – வாசகர் கேள்வி பதில்

வேலைத்தலத்தில் வரும் மன அழுத்தம் உங்கள் வேலையை எப்படிப் பாதிக்கிறது என்று எழுதும்படி கேட்டிருந்தோம். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்களில் ஆறுக்கு இங்கே பதில் தருகிறோம். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறோம். எழுதியவரையோ நிறுவனத்தையோ அடையாளம் காட்டும் விபரங்களை எடுத்துவிட்டோம்.

கேள்வி: ஆடைத் தொழிற்சாலையில் லைன் சுப்பவைசராக இருக்கிறேன். 25 பிள்ளைகள். மணித்தியாலத்துக்கு 90 சட்டை ரார்கெட். 62, 65க்கு மேல் வருகுதில்லை. மேலே இருந்து என்னை ஏசுகிறார்கள், நான் பிள்ளைகளை ஏசுகிறேன். ஏசின பிறகு ரீவேர்க்தான் (பிரித்துத் திரும்பத் தைப்பது) கூடுது, எண்ணிக்கை கூடுதில்லை. பிள்ளைகளுக்குப் பொறுப்பில்லையா, எனக்கு நடத்தத் தெரியவில்லையா? (அறிவியல்நகர்ப் பக்கமிருந்து ஒரு வாசகி)

பதில்: இரண்டும் இல்லை என்றே நினைக்கிறோம். ஆனால் நினைப்பதைவிட அளந்து பார்ப்பது நல்லது. வேலை நேரத்தை அளக்கிற வேர்க் ஸ்ரடிப் பிரிவில் ஒரு ஸ்டொப்வொட்ச் கேட்டு வாங்குங்கள். எந்த மெசினுக்கு முன்னால் துணிக்கட்டு குவிந்து கிடக்கிறது, எந்த மெசினுக்கு அடுத்தாற்போல் இருக்கிற பிள்ளை வேலை வரும்வரை பார்த்துக்கொண்டு இருக்கிறாள் என்று கவனியுங்கள். சட்டை லைனில் அது பெரும்பாலும் கொலர் பூட்டும் இடமாகவோ கை பூட்டும் இடமாகவோ இருக்கும். அங்கே பத்துத் தடவை நேரம் எடுங்கள். சராசரி 51 செக்கன் என்று வந்தால், மணித்தியாலத்தின் 3600 செக்கனை 51 ஆல் பிரியுங்கள். விடை 70. அந்த மெசினில் ஒரு ஆள் மட்டும் இருக்கும்வரை உங்கள் லைனிலிருந்து 70க்கு மேல் ஒரு சட்டையும் வெளியே வராது. மற்ற 24 பேரும் தலைகீழாக நின்றாலும் வராது.

90 வேண்டுமென்றால் அந்த வேலை 40 செக்கனில் முடிய வேண்டும், அதாவது 11 செக்கனைக் குறைக்க வேண்டும். கட்டை அவிழ்ப்பது, நடு அடையாளம் போடுவது, முடிந்த பின் நூல் வெட்டுவது ஆகிய மூன்றையும் அந்தப் பிள்ளையே செய்கிறாளா என்று பாருங்கள். ஹெல்பர் அவற்றைச் செய்து இடது கைப்பக்கம் அடுக்கிக் கொடுத்தால் அந்த 11 செக்கன் அங்கேயே கிடைக்கலாம். கிடைக்காவிட்டால் நாளில் சில மணித்தியாலமாவது அந்த வேலைக்கு இரண்டாவது ஆள் வேண்டும். முழு லைனின் கணக்கையும் ஒருக்கால் போட்டுப் பாருங்கள். சட்டையின் எஸ்.எம்.வி, அதாவது ஒரு சட்டையைத் தைத்து முடிக்கக் கணக்கிட்டு வைத்த நேரம், 12 நிமிடம் என்றால், 25 பேரின் 1500 நிமிடத்தில் நூறு வீதத்துக்கு 125 சட்டை. 90 என்பது அதில் 72 வீதம். பழகிய லைனில் அது எட்டக்கூடியது. புது ஸ்டைல் இறங்கி மூன்றாம் நாளே கேட்டால் எட்டாது.

இனி ஏசுவதைப் பற்றி. 1908 இல் ரொபேர்ட் யேர்க்ஸ், ஜோன் டொட்சன் என்ற இரு அமெரிக்கர்கள் எலிகளை வைத்து ஒரு சோதனை செய்தார்கள். இரண்டு பெட்டிகளில் வெளிச்சம் கூடியது எது என்று எலி கண்டுபிடிக்க வேண்டும், பிழை விட்டால் சிறு மின் அதிர்ச்சி. வித்தியாசம் பளிச்சென்று தெரிந்தபோது அதிர்ச்சி கூடக்கூட எலி விரைவாகப் படித்தது. வித்தியாசம் நுட்பமாக இருந்தபோது நடுத்தர அதிர்ச்சியில்தான் நன்றாகப் படித்தது, கடும் அதிர்ச்சியில் தடுமாறியது. மனிதர் வேலைக்கும் இது பெருமளவு பொருந்துகிறது. பெட்டி தூக்குகிற ஆளைக் கொஞ்சம் விரட்டினால் வேகம் கூடலாம். கொலரின் முனையை மில்லிமீற்றர் பிசகாமல் திருப்ப வேண்டிய பிள்ளையை விரட்டினால் முனை கோணும்.

உடம்பில் நடப்பது இதுதான். ஏச்சு விழுந்த சில செக்கனிலேயே அட்ரினலின் ஏறும், நெஞ்சு படபடக்கும், விரல் நுனி மெல்ல நடுங்கும். பார்வை ஒரு புள்ளியில் குறுகும். ஊசியைப் பார்ப்பாள், பக்கத்தில் மடிந்து கிடக்கும் துணியைப் பார்க்கமாட்டாள். கோர்ட்டிசோல் என்ற ஓமோன் உச்சத்துக்குப் போக 20 முதல் 30 நிமிடம் எடுக்கும், பழைய நிலைக்கு இறங்க ஒரு மணித்தியாலமோ அதற்கு மேலோ ஆகும். ஆக, நீங்கள் ஒன்பது மணிக்கு ஏசியதன் விளைவு பத்து மணி எண்ணிக்கையில்தான் தெரியும். பிரித்துத் திரும்பத் தைக்க, முதல் தைத்ததைவிட இரண்டு மூன்று மடங்கு நேரம் போகும். மணிக்கு எட்டு ரீவேர்க், ஒன்றுக்கு நாலு நிமிடம் என்றால் 32 நிமிடம் காற்றோடு போய்விட்டது. பத்து மணிக்கு எண்ணிக்கை குறைந்திருக்கும், நீங்கள் இன்னும் கடுமையாக ஏசுவீர்கள். உங்கள் லைன் இந்தச் சுழியில்தான் அகப்பட்டிருக்கிறது.

சொல்லும் முறையை மாற்றுவதற்குக் காசு செலவில்லை. லைன் முழுக்கக் கேட்கச் சொல்லாதீர்கள், மெசினருகே குனிந்து சொல்லுங்கள். ஆளைச் சொல்லாமல் துணியைச் சொல்லுங்கள். "உனக்கு எத்தினை தரம் சொல்லுறது" என்பதற்குப் பதிலாக, "பிள்ளை, இந்த இடத்தில துணி இழுக்குது, ஒருக்கா தைச்சுக் காட்டு பாப்பம்" என்று கேட்டால், மெசினின் நூல் ரென்சனா, வெட்டிய துண்டே பிழையா, கை பழகவில்லையா என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். மூன்றில் ஒன்றுதான் அவளுடைய பக்கம். போர்டில் நாள் ரார்கெட்டை மட்டும் எழுதாமல், கடந்த மணித்தியாலத்தில் சரியாகப் போன சட்டைகளின் எண்ணிக்கையையும் எழுதுங்கள்.

இரண்டு விடயங்களைத் தவறாமல் விசாரியுங்கள். ஒன்று, எத்தனை மணிக்கு எழும்புகிறார்கள்? விசுவமடு, புதுக்குடியிருப்புப் பக்கமிருந்து கொம்பனி பஸ்சுக்கு வருகிற பிள்ளை, விடிய மூன்றரைக்கு எழும்பிச் சமைத்து வைத்துவிட்டு வருகிறாள் என்றால், மத்தியானத்துக்குப் பிறகு வரும் பிழைக்குக் காரணம் நித்திரைதான். இரண்டு, தண்ணீர் குடிக்கிறார்களா? ரொயிலற்றுக்குப் போக அனுமதி கேட்கக் கூச்சப்பட்டுத் தண்ணீரே குடிக்காத பிள்ளைகள் இருப்பார்கள். உடல் நிறையில் 2 வீதம் நீர் குறைந்தாலே கவனம் தளர்கிறது. 50 கிலோ உள்ள பிள்ளைக்கு அது ஒரு லீற்றர். கச்சான் வீசும் மாதங்களில் அந்த ஒரு லீற்றர் மத்தியானத்துக்குள் வேர்வையாகப் போய்விடும்.

மேலே உள்ளவர்களுக்கு நீங்கள் காட்ட வேண்டியது அந்த 51 செக்கன் தாளை. "பிள்ளைகள் பாவம்" என்று சொன்னால் கேட்கமாட்டார்கள். "கொலரில் 70க்கு மேல் போகாது, இந்தாருங்கள் கணக்கு" என்றால் பதில் சொல்லியாக வேண்டும்.

கேள்வி: ரவுனில் ஒரு கடையில் நாலு பேர் வேலை செய்கிறோம். காலை எட்டு முதல் இரவு எட்டு வரை, கிழமைக்கு ஆறு நாள். பின்னேரம் ஆறு மணிக்குப் பிறகு பில்லிலும் மிச்சக் காசிலும் பிழை வருது. முதலாளி சம்பளத்தில் வெட்டுகிறார். சட்டம் என்ன சொல்லுது? (கிளிநொச்சி)

பதில்: 1954 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டம் உங்களுக்குப் பொருந்தும். சாப்பாட்டு நேரம் நீங்கலாக நாளுக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45. அதற்கு மேல் ஓவர்ரைம் கிழமைக்கு 12 மணித்தியாலத்தைத் தாண்டக்கூடாது, அதற்குச் சம்பளம் ஒன்றரை மடங்கு. கிழமைக்கு ஒன்றரை நாள் விடுமுறை. சாப்பாட்டுக்கு ஒரு மணித்தியாலம் கழித்தாலும் நீங்கள் 66 மணித்தியாலம் நிற்கிறீர்கள். ஓவர்ரைமையும் சேர்த்துச் சட்டத்தின் எல்லை 57 தான். வந்த நேரம், போன நேரத்தை ஒரு கொப்பியில் நாள்தோறும் எழுதி வாருங்கள். தொழில் திணைக்கள அலுவலகத்துக்குப் போக நேர்ந்தால் முதலில் கேட்கப்படுவது அதுதான். சம்பளத்தில் வெட்டியதையும் திகதியோடு எழுதுங்கள்.

ஆனால் முறைப்பாட்டுக்கு முன் முதலாளியோடு கதைத்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. முதலாம் உலகப்போர்க் காலத்தில் பிரித்தானிய வெடிமருந்துத் தொழிற்சாலைகளில் எடுத்த கணக்குகளைப் பொருளியலாளர் ஜோன் பென்கவெல் 2014 இல் மறுபடி ஆராய்ந்தார். கிழமைக்கு 50 மணித்தியாலம் அளவைத் தாண்டினால் ஒவ்வொரு மேலதிக மணித்தியாலத்துக்கும் கிடைக்கும் வேலை குறைந்துகொண்டே போனது. 70 மணித்தியாலம் நின்றவர்கள் செய்து முடித்தது, 56 மணித்தியாலம் நின்றவர்கள் செய்ததைவிடப் பெரிதாகக் கூடவில்லை. உங்கள் கடைக்கு ஏற்ற ஏற்பாடு இது: இரண்டு பேர் எட்டிலிருந்து ஐந்து, இரண்டு பேர் பதினொன்றிலிருந்து எட்டு. சனம் நெருக்குகிற மத்தியானத்திலும் பின்னேரத்தின் தொடக்கத்திலும் நாலு பேரும் நிற்பீர்கள். கடை பன்னிரண்டு மணித்தியாலமும் திறந்தே இருக்கும். ஆறாம் நாளை அரை நாளாக்கினால் 45க்குள் வந்துவிடும். காசு மேசையில் ஆறு மணிக்கு நிற்பவர் பதினொரு மணிக்கு வந்த ஆளாக இருக்கட்டும்.

கேள்வி: பிரதேச செயலகம் ஒன்றில் அபிவிருத்தி உத்தியோகத்தர். அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவு மேன்முறையீட்டுக்குச் சனம் வரிசையில் நிற்கும். அதே நேரம் "2 மணிக்கு முன் அறிக்கை அனுப்பவும்" என்று வட்ஸ்அப் வரும். முன்பு பிழைவிடாத நான் இப்போது 54 ஐ 45 என்று எழுதுகிறேன். மறதி வருத்தமோ என்று பயமாக இருக்கிறது. வயது 38. (முல்லைத்தீவு மாவட்டம்)

பதில்: 38 வயதில், வேலைத்தலத்தில் மட்டும், நெருக்கடியான நேரத்தில் மட்டும் இலக்கம் மாறுகிறதென்றால், அது மறதி நோயாக இருக்கும் என்று பயப்பட வேண்டியதில்லை. வீட்டுக்குப் போகும் வழி தடுமாறுகிறது, தெரிந்தவர் பெயர் வருகுதில்லை, சமைக்க வைத்ததையே மறக்கிறீர்கள் என்றால் வைத்தியரிடம் காட்டுங்கள்.

ஒரு வேலையைப் பாதியில் விட்டு இன்னொன்றுக்குத் தாவும்போது, மனத்தின் ஒரு பகுதி முதல் வேலையிலேயே தங்கிவிடுகிறது. சோஃபி லெரோய் என்ற ஆய்வாளர் 2009 இல் இதை விளக்கினார். 2018 இல் சக ஆய்வாளர் ஒருவரோடு சேர்ந்து ஒரு மருந்தும் சொன்னார்: வேலையை விட்டு எழும்புவதற்கு முன், எங்கே நிற்கிறது, அடுத்து என்ன என்று ஒரு வரி எழுதிவிடுவது. "வரிசை 31 வரை பார்த்தாயிற்று, 32 இல் அடையாள அட்டை இலக்கம் சரிபார்க்க வேண்டும்." இதை எழுத பத்து செக்கன். எழுதியவர்களின் மனம் அடுத்த வேலைக்கு முழுதாக வந்தது. மேசையில் ஒரு சின்னக் கொப்பியை இதற்கென்றே வையுங்கள். போனில் எழுதாதீர்கள், போனைத் திறந்தால் வட்ஸ்அப் இழுத்துக்கொள்ளும்.

இலக்கம் மாறுவதைப் பிடிக்கக் கணக்காளர்கள் காலங்காலமாகச் செய்கிற ஒரு வேலை இருக்கிறது. கூட்டுத்தொகை இடறினால், வித்தியாசத்தை 9 ஆல் பிரித்துப் பாருங்கள். மீதியில்லாமல் பிரிந்தால், எங்கோ இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்க வாய்ப்பு அதிகம். 5,400 ஐ 4,500 என்று எழுதினால் வித்தியாசம் 900, ஒன்பதால் பிரியும். 54, 45 என்றால் வித்தியாசம் ஒன்பதேதான். சரிபார்க்கும்போது மேலிருந்து கீழே கூட்டியதைக் கீழிருந்து மேலே கூட்டுங்கள். அதே திசையில் திரும்பப் போனால் கண் அதே பிழையின் மேலால் வழுக்கிப் போகும்.

இவை உங்கள் கையில் உள்ளவை. அலுவலகத்தின் கையில் உள்ளதையும் கேட்க வேண்டும். சனம் வரும் நாளில் ஒருவர் வரிசையைப் பார்க்க, மற்றவர் அறிக்கையைப் பார்ப்பது, மத்தியானத்துக்குப் பிறகு மாறிக்கொள்வது. இரண்டு பேர் இரண்டு வேலையையும் அரைகுறையாகச் செய்வதைவிட இது விரைவு. வெய்யிலில் வந்து நிற்கிற அம்மாவுக்கும் ஒரு முழு முகம் கிடைக்கும்.

கேள்வி: வவுனியாவில் தாதிய உத்தியோகத்தராக இருக்கிறேன். வீடு நெடுங்கேணிப் பக்கம். இரவு டியூட்டி முடிந்து மோட்டார் சைக்கிளில் ஒரு மணித்தியாலம் ஓடிப்போக வேண்டும். சென்ற மாதம் கண் சொருகி றோட்டை விட்டு இறங்கிவிட்டேன். விடிய நாலு மணிக்கு மருந்து எடுக்கும்போதும் லேபலை இரண்டு மூன்று தரம் வாசிக்க வேண்டியிருக்கிறது.

பதில்: முதலில், கண் சொருகிய பிறகு ஓடாதீர்கள். இதில் விட்டுக்கொடுப்பு இல்லை. தொடர்ந்து 17 மணித்தியாலம் விழித்திருப்பவரின் செயற்பாடு, இரத்தத்தில் 0.05 வீத மதுசாரம் உள்ளவரின் அளவுக்குக் குறைகிறது என்று அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் 1997 இல் அளந்து காட்டினார்கள். 24 மணித்தியாலத்தில் அது 0.10 வீத அளவுக்குப் போகும். இலங்கையில் சாரதிக்குச் சட்ட எல்லையே 0.08. முதல் நாள் காலை எழும்பி, பகல் படுக்காமல் இரவு டியூட்டிக்குப் போய், விடிய ஏழு மணிக்கு மோட்டார் சைக்கிளில் ஏறுகிறவர் வெறியில் ஓடுகிறவரின் நிலையில்தான் இருக்கிறார். றோட்டில் கட்டாக்காலி மாடு படுத்திருந்தால் பிறேக் பிடிக்கிற அந்த அரைச் செக்கன் உங்களிடம் இருக்காது.

டியூட்டி முடிந்ததும் ஒரு கப் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, அங்கேயே 20 நிமிடம் கண்ணை மூடுங்கள். கஃபீன் வேலை செய்யத் தொடங்கவும் ஏறக்குறைய அவ்வளவு நேரம் எடுக்கும், இரண்டும் ஒன்றாக வந்து சேரும். 20 ஐ 60 ஆக்காதீர்கள், ஆழ்ந்த நித்திரையில் எழுப்பினால் அரை மணித்தியாலம் தலை கனக்கும். முடிந்த நாளில் பஸ்ஸில் போங்கள். பஸ்ஸில் நித்திரை கொள்ளலாம், மோட்டார் சைக்கிளில் முடியாது.

இரவு டியூட்டிக்குப் போகும் நாளில் பகல் இரண்டிலிருந்து நாலு மணி வரை அறையை இருட்டாக்கிப் படுங்கள். இரவில் கடைசித் தேத்தண்ணி இரண்டு மணிக்கு. கஃபீனின் பாதி உடம்பை விட்டுப் போக ஏறக்குறைய ஐந்து மணித்தியாலம் ஆகும், நாலு மணிக்குக் குடித்தது காலை ஒன்பதுக்கு நித்திரையைக் கெடுக்கும். வீட்டுக்கு ஓடுவதற்கென்று காலையில் குடிப்பது இதற்கு விதிவிலக்கு. உயிரோடு போய்ச் சேர்வதற்காகக் கொஞ்ச நித்திரையை இழக்கலாம்.

நாலு மணிப் பிரச்சினைக்குக் காரணம் உடம்பின் உள் மணிக்கூடு. விடிய மூன்றிலிருந்து ஐந்துக்குள் உடற்சூடு ஆகக் குறைவாக இருக்கும், கவனமும் அப்போதுதான் ஆகக் குறைவு. அந்த நேரத்து மருந்தைத் தனியாக எடுக்காதீர்கள். ஒருவர் பெயர், மருந்து, அளவு, நேரம் ஆகியவற்றை வாய்விட்டு வாசிக்க, மற்றவர் சீட்டைப் பார்க்கட்டும். லேபலை மூன்று தரம் வாசிப்பதற்கு வெட்கப்பட வேண்டாம், அதை நிறுத்தும் நாளில்தான் பயப்பட வேண்டும். டியூட்டி போடுகிறவரிடம் ஒன்று கேட்கலாம்: காலை, பின்னேரம், இரவு என்ற வரிசையில் முன்னோக்கிச் சுழற்றினால் உடம்பு பழகும். இரவிலிருந்து பின்னேரம், பிறகு காலை என்று பின்னோக்கிச் சுழற்றுவதுதான் ஆளை முறிக்கும்.

கேள்வி: நுண்கடன் நிறுவனம் ஒன்றில் காசு அறவிடும் வேலை. ஞாயிறு பின்னேரமே வயிறு எரியத் தொடங்கும். முன்பு ஒரு வீட்டில் அம்மா அழுதால் எனக்கும் தொண்டை அடைக்கும். இப்போது ஒன்றும் தோன்றுதில்லை. "நடிக்கிறியள்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு நானே திடுக்கிட்டேன். அறவீடும் குறைந்துகொண்டு போகுது. (பூநகரி)

பதில்: தம்பி, அந்தத் திடுக்கிடலை விட்டுவிடாதீர்கள். நீங்கள் கல்லாகவில்லை என்பதற்கு அதுவே சாட்சி.

உலக சுகாதார நிறுவனம் 2019 இல் ஏற்றுக்கொண்ட நோய் வகைப்பாட்டில், வேலையால் எரிந்து ஓய்ந்துபோகும் நிலையை நோய் என்று சொல்லாமல் தொழில்சார் நிலை என்று பதிந்திருக்கிறார்கள். அதற்கு மூன்று அடையாளம்: சக்தி வற்றிப்போதல், வேலையிலிருந்தும் அதில் சந்திக்கும் மனிதரிலிருந்தும் மனம் விலகி வெறுப்பு ஏறுதல், முன்போல் செய்ய முடியாமல் போதல். உங்கள் கடிதத்தில் மூன்றும் இருக்கின்றன. அந்த மரத்துப்போதல், மனம் தன்னைக் காப்பதற்காகப் போட்டுக்கொண்ட கவசம். ஆனால் அதே கவசத்தால்தான் அறவீடும் குறைகிறது. யார் உண்மையிலேயே முடியாதவர், யார் அடுத்த கிழமை நெல் வித்துக் கட்டக்கூடியவர் என்று முகம் பார்த்து அறிகிற திறமைதான் இந்த வேலையின் மூலதனம். முகம் பார்ப்பது நின்றவுடன் எல்லா வீடும் ஒரே வீடாகிவிடும்.

வேலை அழுத்தத்தை ஆராய்ந்த றொபேர்ட் கறாசெக் 1979 இல் சொன்னது இங்கே முக்கியம். வேலை கடினமாக இருப்பது மட்டும் ஆளை உடைப்பதில்லை. வேலை கூடி, தீர்மானிக்கிற உரிமை குறைந்தால்தான் உடைக்கும். பிரித்தானிய அரச ஊழியர்கள் பத்தாயிரம் பேருக்கு மேல் 1985 முதல் பின்தொடர்ந்த வைற்ஹோல் ஆய்விலும், தன் வேலையில் தனக்குப் பிடி இல்லாதவர்களுக்கு இதய நோய் கூடுதலாக வந்தது. உங்களுக்கு எவ்வளவு அறவிட வேண்டும் என்று சொல்கிறார்கள், தவணையை ஒரு கிழமை தள்ளிவைக்கும் அதிகாரம் தருவதில்லை. அதைத்தான் கேட்டுப் பெற வேண்டும்.

எப்படிக் கேட்பது? ஒரு கிழமைக் கணக்கை ஒரு தாளில் எழுதுங்கள். பூநகரிப் பக்கம் வீடுகள் தள்ளித் தள்ளி இருக்கும். நாளுக்கு 100 கிலோமீற்றர், மண் றோட்டையும் சேர்த்து மணிக்கு 30 என்றால் 200 நிமிடம் ஓட்டத்திலேயே போகும். எட்டு மணித்தியாலத்தின் 480 நிமிடத்தில் மிச்சம் 280. வீடு 28 என்றால் ஒரு வீட்டுக்குப் பத்து நிமிடம். 40 வீடு கேட்டால் ஏழு நிமிடம். ஏழு நிமிடத்தில் ஒரு குடும்பத்தின் நிலைமையை யாரும் விளங்கிக்கொள்ள முடியாது, ஏசத்தான் முடியும். அதோடு வீடுகளை மூன்றாகப் பிரித்து எழுதுங்கள்: ஒழுங்காகக் கட்டுபவர், அறுவடையோ மீன்பாடோ வந்தால் கட்டக்கூடியவர், திட்டத்தையே மாற்றி எழுத வேண்டியவர். மூன்றாம் வகையினரின் பெயர்ப் பட்டியலை முகாமையாளரிடம் எழுத்தில் கொடுங்கள். அந்த வீட்டு வாசலில் நிற்பது உங்கள் தனிப் பொறுப்பாக இருக்கக்கூடாது.

நாளுக்குள்: கடினமான வீடுகளைக் கடைசிக்குத் தள்ளாதீர்கள். தள்ளினால் நாள் முழுக்க அதுதான் மனதில் ஓடும், போய்ச் சேரும்போது களைத்தும் இருப்பீர்கள். காலையில் இரண்டாவது மூன்றாவதாகப் போங்கள். அழுகை நடந்த வீட்டிலிருந்து நேரே அடுத்த வீட்டுக்குப் போகாமல், மோட்டார் சைக்கிளை ஒரு மரத்தடியில் விட்டுப் பத்து நிமிடம் நில்லுங்கள்.

வயிற்றெரிவுக்கு வைத்தியசாலையில் காட்டுங்கள், வெறும் வயிற்றில் நோக்குளிசை போடாதீர்கள். நித்திரைக்காகக் குடிக்கத் தொடங்கியிருந்தால், அல்லது இருந்து என்ன பயன் என்ற எண்ணம் ஒரு தரமாவது வந்திருந்தால், நாளைக்கென்று தள்ளாமல் 1926 க்கு எடுங்கள். தேசிய மனநல உதவி இலக்கம் அது, 24 மணித்தியாலமும் எடுக்கலாம்.

கேள்வி: ஒட்டுசுட்டானில் சிறு உணவுப் பொருள் நிலையம் நடத்துகிறேன். மிளகாய்த்தூள், ஒடியல் மா. பன்னிரண்டு பெண்கள். அதில் ஒரு தங்கச்சி ஆகத் திறமான பைக்கற்றுக்காரி. ஆனால் ஒவ்வொரு வருடமும் மே மாதம் வந்தால் 100 கிராம் பைக்கற்றில் 90 இருக்கும், சீல் பாதி ஒட்டியிருக்கும், ஜெனரேற்றர் ஸ்ராட் பண்ணினால் துள்ளி விழுவா. கூப்பிட்டுக் கேட்கலாமா?

பதில்: காரணத்தைக் கேட்க வேண்டாம். 2009 மே மாதம், போரின் கடைசி நாட்களில், அந்தப் பிள்ளை எங்கே இருந்திருப்பா என்று உங்களுக்கும் தெரியும். ஆண்டு திரும்பி அதே மாதம், அதே வெக்கை, நினைவுக்காகத் தெருவோரத்தில் கொடுக்கிற கஞ்சி வரும்போது மனம் நினைக்காவிட்டாலும் உடம்பு நினைத்துக்கொள்ளும். நித்திரை கெடும், சத்தத்துக்குத் துள்ளும், கை வேலை செய்யும்போதே மனம் எங்கோ போய்வரும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் உளமருத்துவப் பேராசிரியராக இருந்த தயா சோமசுந்தரம், வன்னியில் போர் தனி ஆட்களை மட்டுமன்றிக் குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே காயப்படுத்தியது என்று எழுதியிருக்கிறார். உங்கள் பன்னிரண்டு பேரில் அவ ஒருவரிடம்தான் அது வெளியே தெரிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அக்கறையால் சிலர் "எல்லாத்தையும் சொல்லி அழு, பாரம் குறையும்" என்று இருத்திவைத்துக் கேட்பார்கள். அதைச் செய்யாதீர்கள். அதிர்ச்சிக்கு உள்ளானவரை ஒரே இருப்பில் எல்லாவற்றையும் கொட்டவைக்கும் முறையை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பதில்லை. அவவாகச் சொன்னால் கேளுங்கள். சொல்லாவிட்டால், "இந்த மாதம் நிறுக்கிற வேலையில நிக்கவோ, லேபல் ஒட்டுறதில நிக்கவோ உங்களுக்குச் சுகம்?" என்ற அளவில் கேளுங்கள். தெரிவு அவவிடம் இருக்கட்டும், நீங்களாக மாற்றினால் தண்டனை போல் இருக்கும்.

நிறையைச் சரிபார்ப்பதை மே மாதம் முழுக்க எல்லோருக்கும் பொதுவாக்குங்கள். பத்துப் பைக்கற்றுக்கு ஒன்றை மற்றவர் தராசில் வைத்துப் பார்ப்பது, சீல் போட்ட பைக்கற்றை மெல்ல அமுக்கிக் காற்றுப் போகிறதா என்று பார்ப்பது. ஒருவரைச் சுட்டாமல் பிழை பிடிபடும். ஜெனரேற்றரை ஸ்ராட் பண்ணுவதற்கு முன் ஒவ்வொரு தடவையும் உள்ளே வந்து "போடப்போறன்" என்று சொல்லச் சொல்லுங்கள். எதிர்பார்த்த சத்தத்துக்கு உடம்பு அவ்வளவு துள்ளாது. முதுகுக்குப் பின்னால் ஆள் நடமாடாத, வாசலைப் பார்க்கக்கூடிய இடத்தில் இருக்கவிடுங்கள். அந்த மாதம் பைக்கற் கணக்குக்குச் சம்பளம் கொடுக்காமல் நாள் சம்பளமாகக் கொடுங்கள், எல்லோருக்கும்.

ஜூன் நடுப்பகுதியிலும் குறையாவிட்டால், அல்லது கெட்ட கனவுகளால் வீட்டு வேலையே செய்ய முடியாமல் போனால், மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குப் போகும்படி சொல்லுங்கள். காசில்லை. தனியாகப் போகச் சொல்லாமல், நம்பிக்கையான ஒரு அக்காவைச் சம்பளத்தோடு கூட அனுப்புங்கள்.

மே 18க்கு லீவு கேட்டால் உடனே கொடுங்கள். லீவுத் தாளில் காரணம் எழுதும் இடத்தில் "சொந்த அலுவல்" என்று இருந்தால் போதும்.